பதினேழாவது பாகம்

எரிபொருள் கலத்தின் பாகப் பட்டியலில் பதினேழாவதாகத் தன் கணவர் தெய்வசிகாமணியின் பெயர் இருப்பதைப் பூங்கோதை செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தாள். ரப்பர் வளையத்துக்குக் கீழே, சவ்வுக்கு மேலே: "தெய்வசிகாமணி, ஆண், வயது 61."

தவறு அவளுடையதுதான். முந்தைய நாள் கணினியில் பாகப் பட்டியலையும் ரேஷன் அட்டைக்கான குடும்ப விவரத்தையும் அருகருகே திறந்துவைத்திருந்தாள். அந்த வரி இதில் விழுந்துவிட்டது.

ஹைட்ரஜனை ஊட்டினால் மின்சாரமும் கொஞ்சம் தண்ணீரும் தரும் அந்தக் கலம் யாருக்கும் சொந்தமில்லை. வரைபடம் எல்லோருக்கும் திறந்திருந்தது. யாரும் திருத்தலாம், வேறு இருவர் "சரி" என்று எழுதினால் திருத்தம் நிலைக்கும். தெய்வசிகாமணிக்குப் பத்தே நிமிடத்தில் இரண்டு "சரி" கிடைத்திருந்தது. ராணிப்பேட்டைக்காரர் ஒருவர், எண்ணிக்கை விடுபட்டிருப்பதைக் கவனித்து "1" என்று சேர்த்திருந்தார்.

வெள்ளிக்கிழமை, நாற்பத்தொரு ஊர்களில், பட்டியலில் உள்ளபடி கலத்தைப் பூட்டுவதாக முடிவாகியிருந்தது.

பூங்கோதை அந்த வரியை நீக்கக் கோரிவிட்டுக் காத்திருந்தாள். நீக்கவும் இருவர் வேண்டும். உலை கொதித்து வழிந்தது கூடத் தெரியவில்லை. மதியம், கலத்தைப் பூட்டவிருந்த வேலூர்ப் பட்டறையிலிருந்து நசீமா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் சரி போட்டுட்டேன். ஆனா கணக்குல அவர் இருந்தா அரை வோல்ட் கூடுது. வேற யாரும் கை வைக்க மாட்டாங்க."

"அவருக்கு முட்டிவலி, நசீமா."

"மடக்க வேண்டாங்க்கா. நின்னாப் போதும்."

இன்னும் ஒரே ஒரு "சரி". தெய்வசிகாமணியும் திட்டத்தில் உறுப்பினர்தான். என்றோ ஒரு கால்புள்ளியைத் திருத்தியிருந்தார். வியாழக்கிழமை அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பூங்கோதை பின்னால் போய் நின்றாள்.

"ஒரு சரி போடுங்களேன்."

"எடை என்னன்னு கேட்டிருந்தாங்க. அறுபத்தி நாலு கிலோ, வேட்டியோடன்னு எழுதிட்டேன்."

"விளையாடாதீங்க."

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "முப்பத்தாறு வருஷம் ஆபீஸ் போனேன். நான் லீவு போட்டு ஒரு பல்பாவது அணைஞ்சிருக்கா?"

"அப்போ வீட்ல?"

"வீட்டுக்குத்தான் பட்டியல் கிடையாதே."

அன்று முழுதும் அவள் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். ஒரு "சரி" ஒன்றாகவே நின்றது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பட்டறையில் நசீமா மற்ற பாகங்களை அடுக்கினாள். தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றி வாசலில் நேராக வைத்துவிட்டு வளையத்துக்கும் சவ்வுக்கும் நடுவே போய் நின்றார். நசீமா திருகுகளை முடுக்கினாள். பல்பு எரிந்தது. கீழே வைத்த டம்ளரில் தண்ணீர் சொட்டியது. பூங்கோதை விரலை விட்டுப் பார்த்தாள். அவர் கைச்சூடுதான்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தாள். பின்லாந்திலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது:

"பதினேழாவது பாகம் எங்களுக்கும் நன்றாகப் பொருந்தியது. மின்சாரம் வருகிறது. ஆனால் காப்பி கேட்கிறது. சர்க்கரை எவ்வளவு?"

அதன் கீழே பெருவிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் அதே கேள்வி.

பூங்கோதை பட்டியலைத் திறந்தாள். பதினேழாவது வரியின் எதிரே, "அரை ஸ்பூன். ஆறவிடக் கூடாது" என்று எழுதிவிட்டு, இருவர் "சரி" சொல்வதற்காகக் காத்திருந்தாள்.