அண்ணி கையில் எடுத்தது

அண்ணன் ம்ஃபானிசேனி இறந்து ஒரு வருடம் கழித்து, அவன் ஆவியை வீட்டுக்கு அழைக்கும் சடங்கு நடந்தது. அவன் சாவுக்கு அண்ணி கோன்சாபிதான் காரணம் என்று ஊரில் பேச்சு இருந்தது. அவன் சாந்தமாக வந்து சேர்ந்துவிட்டால் அந்தப் பேச்சு அடங்கும். அவள் இந்த வீட்டிலேயே இருக்கலாம்.

ஆடு அறுத்து, வட்ட வீட்டின் பின்சுவரோரம் முன்னோர்க்கான இடத்தில் இறைச்சியும் சோளப் பியரும் வைத்தோம். முந்தைய நாள் முழுக்க மழை. மதியம் சுவரடி மண்ணிலிருந்து கறுப்பாக, பளபளப்பாக, முழ நீளத்துக்கு ஒன்று வெளியே வந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். இறந்தவர் அப்படித்தான் வருவார். பாம்போ பல்லியோ, அடிக்கக் கூடாது.

அண்ணி பின்வாங்கினாள்.

"ஏ டர்பன் காலேஜுல மிருகங்களப் பத்திப் படிச்சவளே, இது கடிக்குமா?" என்று என்னைக் கேட்டார் பெரியப்பா ஜபிசா. "உயிரோட இருந்தப்பவே உங்க அண்ணன் எல்லாரையும் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்."

சிரித்துவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதன் வால் குட்டையாக இருந்தது.

"பாம்பில்ல. கால் இல்லாத பல்லி. கடிக்காது," என்றேன்.

அந்தப் பல்லிக்கு இமை உண்டு, கண் சிமிட்டும். பாம்பு சிமிட்டாது. குனிந்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். அத்தனை பேர் முன்னால் குனிய வெட்கப்பட்டேன். மண்ணுக்குள் வாழும் நச்சுப் பாம்பு ஒன்றுக்கும் அதே கறுப்பு, அதே குட்டை வால்.

"தொடலாமா?" என்றாள் அண்ணி.

"தொடலாம் அண்ணி."

கையில் எடுத்து அவன் பெயரைச் சொன்னாள். அது வாயைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. தலையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டியது. வாயோரம் நீண்ட பல் கட்டைவிரலில் இறங்கியது.

அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் விரலை வெட்டி எடுத்தார்கள்.

"அத்தனை பேர் இருக்க, பொண்டாட்டிய மட்டும் கடிச்சிருக்கான்," என்றார் பெரியப்பா. "சும்மாவா? அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"அது பாம்பு, பெரியப்பா. நான் தப்பா சொல்லிட்டேன்."

"அன்னைக்குப் பல்லின்ன. இன்னைக்குப் பாம்புங்கிற. நாளைக்கு மாடும்பியா?"

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா கேப்பாங்க அண்ணி. அது வெறும் பாம்பு. அண்ணன் இல்ல."

"அப்ப அவரு வரவே இல்லையா?"

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"வரவே இல்லங்கிறதுக்கு, கோவமா வந்தாருன்னே இருக்கட்டும்," என்றாள். "வீட்டுல என் துணியெல்லாம் எடுத்து மூட்டை கட்டி வை."