வாழைப்பழம் இல்லாத கிறிஸ்மஸ்

பத்து வருஷத்தில் பக்கத்து வீட்டு ஹாஜரா, ரோசலின் வீட்டில் சாப்பிட்டது மொத்தம் பத்து வாழைப்பழம். கிறிஸ்மஸுக்கு ஒன்று. அதையும் தானே உரித்துத் தின்றுவிட்டு, "வயிறு நெறஞ்சுபோச்சு ரோசலின்" என்பாள். நெறஞ்சதாம்! ஒரு வாழைப்பழத்தில் யாருக்கு ஐயா வயிறு நிறையும்?

ஹாஜராவைக் குற்றம் சொல்வதற்கில்லை. ரோசலின் வீட்டார் கத்தோலிக்கர். அந்த அடுக்களையில் பன்றிக்கறி வேகும்; கோழியானாலும் பிஸ்மில்லா சொல்லி அறுத்ததாக இருக்காது. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் அங்கே எப்படிக் கை நனைப்பாள்? இது தெரிந்துதான், வேலிக்கு மேலே நோன்புக் கஞ்சியும் பெருநாள் பிரியாணியும் வரும்போதெல்லாம், ரோசலின் பதிலுக்குப் பச்சரிசியும் சர்க்கரையும் தட்டில் வைத்து அனுப்பினாள். பினாங்கில் எல்லோரும் செய்கிற மரியாதை அது.

ஆனால் 1933ஆம் வருஷம் ஜூன் மாதம் ரோசலினுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. நாற்பது நாள் படுக்கை. கணவன் வின்சென்ட் துறைமுகத்தில் குமாஸ்தா. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவான். ஹாஜராதான் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள், வாந்தியைத் துடைத்தாள், ஆளை எழுப்பி உட்காரவைத்தாள். உடம்பு தேறியதும் வின்சென்ட் வழக்கப்படி ஒரு தட்டு சர்க்கரையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். ரோசலினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உயிரைப் பிடித்து நிறுத்தியவளுக்குச் சர்க்கரையா?

"இந்தக் கிறிஸ்மஸுக்கு ஹாஜரா அக்கா நம்ம வீட்டுல கை நனைக்கணும்" என்றாள். "கோழியெல்லாம் இல்ல. தொரை வீட்டு மேசையில வைக்கிறாங்களே, வான்கோழி. அதுதான்."

அன்றோடு பன்றிக்கறி அந்த வீட்டுக்குள் வருவது நின்றது. பழைய சட்டியும் கத்தியும் பரண் ஏறின. புதுச் சட்டி, புதுக் கத்தி, புது அகப்பை இறங்கின. அந்த வருஷம் கிறிஸ்மஸ் நோன்பு மாதத்துக்குள் வந்து விழுந்தது. விழட்டுமே! விருந்தை நோன்பு திறக்கும் நேரத்துக்கு வைத்தால் தீர்ந்தது.

"ஐஸ்ல வெச்சு, உரிச்ச வான்கோழியே கடைக்கு வருது ரோசலின். வாங்கிட்டு வரட்டா?" என்று வின்சென்ட் மெல்லக் கேட்டான்.

"எவன் எப்படிக் கொன்னானோ, அது எதுக்கு? உசிரோட வாங்கி முறையா அறுக்கணும். நீங்க சும்மா இருங்க."

அவன் சும்மா இருந்தான். அதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு ரோசலின் டிராம் ஏறி ஆயர் ஈத்தாம் போனாள். அங்கே பண்ணை வைத்திருந்த சீன முதலாளி, தோகை விரித்துத் திரிந்த ஒரு பெரிய சேவலை முன்னால் தள்ளிவிட்டார். ரோசலின் அதன் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கால் முழுக்கச் செதில். பின்முள் விரல் நீளத்துக்கு இருந்தது.

"கிழடு லா, தவுக்கே! இது வேகறதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்."

அவருக்குத் தமிழ் கொஞ்சம் பிடிபடும்போல, சிரித்துவிட்டார். ரோசலின் கூட்டுக்குள் தானே குனிந்து நுழைந்தாள். கால் கருத்து வழுவழுவென்று இருந்த ஒரு பெட்டையைப் பிடித்து, நெஞ்செலும்பின் நுனியை அழுத்தினாள். வளைந்தது. இளசு. கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, டிராமில் எல்லோரும் திரும்பிப் பார்க்கப் பார்க்க, ராணி மாதிரி ஊர் திரும்பினாள்.

கிறிஸ்மஸ் காலை, பூசை முடிந்ததும், கோழி அறுக்கும் இஸ்மாயிலை அழைத்துவந்தாள். அவர் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து புதிதாக வந்தவர். கூடையைத் திறந்து பார்த்தவர் இரண்டடி பின்னால் போனார்.

"என்ன தங்கச்சி இது? தல மொட்ட, கழுத்துல சதை தொங்குது. கழுகு சாதி லா இது! நகத்தால இரை பிடிக்கிற பறவைய நாங்க தின்னக் கூடாது."

"கழுகு இல்லண்ணே, வான்கோழி."

"பாத்தியா! வான்னா வானம். வானத்துல பறந்து இரை தேடுறதுன்னு பேரே சொல்லுதே. தெரியாம அறுத்துட்டு நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

ரோசலின் தலையில் அடித்துக்கொண்டாள். சட்டியிலிருந்து அகப்பை வரை யோசித்தவள், பேரை யோசிக்கவில்லை! எந்தப் புண்ணியவான் இந்தக் கோழியைக் கொண்டுபோய் வானத்தில் வைத்தானோ!

சத்தம் கேட்டு ஹாஜரா வேலியோரம் வந்தாள். "ஏன்டி இந்தப் பாடு? ஒரு வாழைப்பழம் போதாதா எனக்கு?"

"அந்தப் பேச்சே வேணாங்க்கா!" என்று ரோசலின் கத்திவிட்டாள். பிறகு இஸ்மாயில் பக்கம் திரும்பினாள். "அண்ணே, போயிராதீங்க. பேரு கெடக்கட்டும். அது என்ன திங்குதுன்னு உங்க கண்ணால பாருங்க."

முற்றத்தில் ஒரு பிடி நெல்லை இறைத்தாள். நியாயத்துக்கு ஒரு மீன் தலையையும் பக்கத்தில் போட்டாள். பறவையின் கால்கட்டை அவிழ்த்துவிட்டாள்.

அந்தப் பாழாய்ப்போன பறவை நேராக மீன் தலையிடம் போய் நின்றது! குனிந்து உற்றுப் பார்த்தது. இஸ்மாயில் 'நான் சொன்னேனா' என்பதுபோல் ரோசலினைப் பார்த்தார். வேலியோரம் ஹாஜரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தோணியாரே, அந்தோணியாரே என்று ரோசலின் உள்ளுக்குள் அலறினாள். வான்கோழி காலைத் தூக்கி மண்ணைப் பரபரவென்று கிளறியது. மீன் தலை உருண்டு சாக்கடை ஓரம் போய் விழுந்தது. பிறகு அது ஒவ்வொரு நெல்லாகக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது.

இஸ்மாயில் அது கடைசி நெல்லைத் தின்னும்வரை பார்த்தார். "கோழிதான் லா" என்றார். கத்தியை எடுத்தார்.

அதற்குப் பிறகு ரோசலினுக்கு உட்காரவே நேரமில்லை. சுடுதண்ணீரில் முக்கி இறகு பறித்தாள். இஞ்சி, பூண்டு, மிளகு, பட்டை அரைத்து உள்ளும் புறமும் பூசினாள். வயிற்றுக்குள் உருளைக்கிழங்கும் உலர்ந்த திராட்சையும் ஈரலும் திணித்துத் தைத்தாள். சட்டியில் நெய் ஊற்றி, வான்கோழியை உள்ளே வைத்து, மூடி மேலேயும் தணலைக் கொட்டி, மெல்ல வேகவிட்டாள். தெரு முழுக்க மணத்தது.

"உப்பு உறைப்பு பாத்தியா?" என்று கேட்டான் வின்சென்ட்.

"பாக்கல. அக்கா நோன்போட காய்ச்சின கஞ்சிய ருசி பாத்தா எனக்கு அனுப்பினாங்க? நானும் பாக்கப் போறதில்ல."

பொழுது சாய்ந்து, மக்ரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டது. ஹாஜரா வீட்டு ஆண்கள் பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் போயிருந்தார்கள். ஹாஜரா தன் வீட்டில் பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்தாள். மேசையருகே வந்ததும் பழக்கதோஷத்தில் அவள் கண் எதையோ தேடியது.

"வாழைப்பழம் எங்கடி?"

"வாங்கல. இந்த வருஷம் இந்த வீட்டுக்குள்ள ஒரு வாழைப்பழங்கூட வரலக்கா."

ஹாஜரா உட்கார்ந்தாள். ரோசலின் தொடைக்கறியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தாள். ஹாஜரா பிஸ்மில்லா சொல்லி ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். இன்னும் மென்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரோசலின்."

"என்னக்கா?"

"உப்பே இல்லடி இதுல!"

இத்தனை மாதப் பாடு இப்படியா போகணும்! ஹாஜரா கையை உதறிக்கொண்டு எழுந்தபோது, போகத்தான் எழுந்தாள் என்று நினைத்து ரோசலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுக்களையில் ஜாடி திறக்கும் சத்தம் கேட்டது. ஹாஜரா ரோசலினுடைய உப்பு ஜாடிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். தன் தட்டில் தூவினாள், ரோசலின் தட்டிலும் தூவினாள்.

"நிக்கிறியே, உக்காந்து சாப்பிடு" என்றாள். "அந்த இன்னொரு தொடைய இப்படித் தள்ளு."