எல்லாரையும் எழும்ப வைத்தவர்

எலியாஸ் முலெங்கா 1993இல் ஸ்காபரோவின் அந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து, அவர் முன்னால் ஒருவராலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் பஸ்ஸில் ஏறினால் பயணிகள் அத்தனை பேரும் எழும்பினார்கள். அவர் இறங்கும்வரை சாரதியும் நின்றபடியே ஓட்டினார். மத்திய ஆபிரிக்காவில் பத்தொன்பது வருடம் புவியியல் படிப்பித்தவர், பிறகு கல்வி மந்திரி, பிறகு மூன்று நாடுகளில் உயர்ஸ்தானிகர், ஆட்சி கவிழ்ந்ததும் மகள் வீட்டில் அகதி. வகுப்பறையில் தொடங்கிய வழக்கம் பாராளுமன்றம், தூதரகம் எல்லாம் சுற்றி, கனடாவுக்கும் அவரோடு வந்துவிட்டது.

பதினான்காம் மாடிப் பத்மநாதனுக்கு வயிறு எரிந்தது. யாழ்ப்பாணத்தில் இருபத்தேழு வருடம் கணிதம் படிப்பித்தவர் அவர். இப்போது ஒரு பிளாசாவில் செக்கியூரிட்டி. அவரிடம் படித்த ராகுலன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே "ஹாய் சேர்" என்று கையைத் தூக்குவான். அதே ராகுலன் முலெங்காவைக் கண்டால் விறைத்து நிற்பான். அட, இவனுக்கு ஒரு சமன்பாடாவது சொல்லிக் கொடுத்திருப்பாரா அந்த மனிதர்? அதைவிடக் கேவலம், பத்மநாதனுடைய முழங்கால்களும் கேளாமல் நிமிர்ந்துவிடும்.

1995இல், தான் படிப்பித்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் பொன்னாடை தனக்குத்தான் என்று அவர் நம்பியிருந்தார். கோட்டைக்கூடத் தோய்க்கக் கொடுத்து எடுத்தாயிற்று. சங்கத் தலைவர் ராகுலனோ, தூதுவரென்றால் பேப்பரில் படம் வரும் என்று முலெங்காவைப் பிரதம விருந்தினராக்கிவிட்டான். ஒன்றுகூடலன்று பத்மநாதன் மண்டபத்துக்குப் போய், இடுப்புப் பட்டியால் தன்னைக் கதிரையோடு இறுக்கிக் கட்டினார்.

"உங்களுக்கென்ன விசரே? சனம் பாக்குது," என்றார் மனைவி பாலேஸ்வரி.

"பாக்கட்டும். உவருக்கு நான் எழும்பமாட்டன்."

முலெங்கா உள்ளே வந்தார். நானூறு பேர் எழும்பினார்கள். பத்மநாதனுடைய கதிரையும் தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது. அவர் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தபடியே இருந்தார்.

முலெங்கா மேடையை மறந்து நேரே அவரிடம் வந்தார். முப்பது வருடமாகத் தன் முன்னால் உட்கார்ந்த ஒருவரைக் கண்டதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். மனைவிகூட நின்றபடிதான் தன்னோடு சாப்பிட்டாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி நாளிலும் தன்னைக் கண்டு எழும்பப் பார்த்தாள் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவீர்களா என்று கேட்கும்போது அவர் குரல் கெஞ்சியது.

பத்மநாதன் ஒவ்வொரு ஞாயிறும் பட்டியோடு போனார். முலெங்காவின் மகள் சுவரோரம் நின்றபடி பரிமாற, அவர் கதிரையில் மிதந்தபடி சோளக் களியும் மீனும் சாப்பிட்டார். பொன்னாடையை நினைத்தால் இன்னமும் வயிறு எரியத்தான் செய்தது.

ஒருநாள் முலெங்கா, நீங்கள் வீட்டுக்குள் போனால் உங்கள் மனைவி எழும்புவாவா என்று கேட்டார். எங்கே, சோபாவை விட்டு அசையமாட்டா, தள்ளி இருந்து எனக்கு இடம் தருவா, அவ்வளவுதான் என்றார் பத்மநாதன். முலெங்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அந்த முகத்தைப் பத்மநாதனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்த முகம். அவர் குனிந்து இன்னொரு துண்டு மீனை எடுத்துக்கொண்டார்.