கேடயத்தில் சிவப்புச் சிலுவை

தினேஸ்வரிக்கு ஒரு விஷயத்தில் சந்தேகம் வந்துவிட்டால் அது தீருகிறவரை சோறு இறங்காது. இந்த முறை அது ஒரு பொம்மையால் வந்தது.

நாத்தனார் புனிதா பத்து காஜா என்கிற ஊரிலிருந்து புந்தோங் வீட்டுக்கு வந்தபோது தினேஸ்வரியின் மகன் பவித்ரனுக்குக் கொடுத்த பொம்மை. குதிரைமேல் ஒரு பழங்காலத்து வெள்ளைக்காரப் போர்வீரன். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், தலையில் முகமூடி வைத்த இரும்புத் தொப்பி, எல்லாம் கையால் வர்ணம் தீட்டியது. பையன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். தினேஸ்வரியின் கண்ணுக்கோ வீரனும் தெரியவில்லை, குதிரையும் தெரியவில்லை. வெள்ளைக் கேடயத்தில் பளிச்சென்றிருந்த சிவப்புச் சிலுவைதான் தெரிந்தது. முகமூடிக்குள் என்ன இருக்கிறதென்று நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வர்ணம் காய்ந்து ஒட்டிக்கொண்டு, திறக்க மாட்டேன் என்றது.

சிலுவை மட்டும் என்றால் விட்டிருப்பாள். தீபாவளி கழிந்ததிலிருந்தே புனிதாவின் போக்கு சரியில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் வேலை என்பாள். வீட்டுக்கு வந்தால் சாமி அறைப் பக்கம் திரும்ப மாட்டாள். கோயில் விபூதியை நீட்டினால், இருக்கட்டும் அண்ணி என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அவள் வாடகைக்கு இருக்கும் வரிசையில் ஒரு குடும்பம் ஞாயிறுதோறும் ஜெபக் கூட்டம் நடத்துவதையும் தினேஸ்வரி விசாரித்து வைத்திருந்தாள். முடிச்சுப் போட அவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் மேலே தைப்பூசம். தினேஸ்வரியின் புருஷன் கனகராஜ் காவடிக்கு விரதம் தொடங்கியிருந்தபோது தங்கச்சி போன் போட்டு, இந்த வருஷம் காவடி வேண்டாம் என்றாளாம். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. கனகராஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காவடி எடுத்தான், மொட்டையும் போட்டான். சின்னப் பிள்ளையிலிருந்து அண்ணன் காவடிக்கு முன்னால் பால்குடத்தோடு நடந்தவள் கல்லுமலைக் கோயில் பக்கமே வரவில்லை.

மதம் மாறிவிட்டாள், இப்போது என் பிள்ளைக்கு வலை வீசுகிறாள் என்று தினேஸ்வரி தீர்ப்பே எழுதிவிட்டாள். பயம்தான், பெற்ற வயிறல்லவா. ஆனால் நாத்தனாரை ஒரு தடவையாவது கையும் களவுமாகப் பிடித்துவிடும் ஆசையும் கூடவே இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை சொல்கிற எனக்குத்தான் பாவம்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் புனிதாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஜெபத்தை விட்டு வருகிறாளா என்று பார்க்கத்தான். வந்துவிட்டாள். அதுவும் சந்தேகமாகவே பட்டது.

சாப்பாடு முடிந்ததும் பொம்மையை எடுத்துவந்து புருஷன் முன்னால் மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"உங்க தங்கச்சி எந்தச் சர்ச்சுக்குப் போவுதுன்னு கேளுங்க லா. பிள்ளைக்குச் சிலுவை கொண்டாந்து குடுக்குது. சாமி இருக்கற வீட்டுக்குள்ள இனிமே அது வரக்கூடாது."

வைத்த வேகத்தில் முகமூடி படக்கென்று மேலே திறந்துகொண்டது.

உள்ளே வெள்ளைக்காரன் இல்லை. உருட்டு விழி, நெற்றியில் குங்குமப் பொட்டு, கன்னம் நிறைய முறுக்கு மீசை. இடப்பக்க மீசை மட்டும் கண்ணைத் தொடுகிற அளவுக்கு ஏறியிருந்தது. எந்தச் சர்ச்சுக்காரன் பொட்டு வைப்பான்?

கனகராஜுக்கு அந்த மீசையைத் தெரியும். அவன் பிறந்த ரப்பர் தோட்டத்தில் காவல் தெய்வமான முனியாண்டி சிலைக்கு வருஷா வருஷம் வர்ணம் அடித்தவர் அவன் அப்பா மாயாண்டி. இடப்பக்க மீசை எப்போதும் ஏறித்தான் நிற்கும். பிறகு வேறொருத்தியோடு சித்தியவானுக்குப் போய்விட்டார். அவர் பேரை எடுப்பவர்கள் என் வாசலை மிதிக்கக் கூடாது என்று, அம்மா இறந்த அன்று கனகராஜ் சொன்னது சொன்னதுதான்.

இது எங்கே கிடைத்தது என்று கேட்டான்.

புனிதா தலை குனிந்தபடி சொன்னாள். அப்பா கடைசியாகச் சித்தியவானில் ஒரு பொம்மைக்கடையின் சீன முதலாளியான தவுக்கேக்கு வர்ணம் தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிலுவை தவுக்கே காட்டிய படத்தில் இருந்தது. முகமூடிக்குள் என்ன முகம் என்று படத்தில் இல்லை. காவல் நிற்கிறவன் முகம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். இதைப் பேரனுக்கென்று தனியாகத் தீட்டி வைத்திருந்தார்.

தினேஸ்வரி முடிச்சுப் போட்ட அதே சங்கதிகளைக் கனகராஜும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். கோயிலுக்கு வராதது, விபூதி வாங்காதது, காவடி வேண்டாம் என்றது. சாவு விழுந்த வீட்டில்தான் வருஷம் திரும்பும்வரை இதெல்லாம் விலக்கு.

"எப்ப?" என்றான்.

"தீபாவளி முடிஞ்சி. போன் போட்டேன் அண்ணே. அப்பான்னு ஆரம்பிச்சதும் வெச்சிட்ட. நாந்தான் கொள்ளி வெச்சேன்." பிறகு சொன்னாள்: "காவடி வேணாம்னு சொல்லிப் பாத்தேன். நீ கேக்கல. அப்புறம் மொட்டை போட்ட படத்த அனுப்புன. அவருக்குப் பிள்ளை போடற மொட்டைன்னு நெனச்சிக்கிட்டேன்."

கனகராஜ் முள்ளு முள்ளாக முடி முளைத்திருந்த தலையைத் தடவினான். பிறகு இரண்டு பெண்களுக்கும் முன்னால் வெட்கம் பார்க்காமல் அழுதான். அழுது முடித்து, இதுவும் சாவு வீடுதான், சாமி ரூமைச் சாத்து என்று பெண்டாட்டியிடம் சொன்னான்.

எந்தச் சாமியைக் காட்டி நாத்தனாரை வெளியே நிறுத்தப் பார்த்தாளோ, அந்தச் சாமிக்கு முன்னால் எரிந்த விளக்கைத் தினேஸ்வரியே அணைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, புனிதாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்து அங்கேயே நின்றாள்.