பதினோரு மில்லி

எங்கள் மருத்துவமனையில் கை வீக்கத்தை அளப்பது என் வேலை. முன்பெல்லாம் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய ஜாடிக்குள் கையை விடச் சொல்வேன். வழிகிற தண்ணீரைப் பிடித்து அளந்தால் அதுதான் கையின் அளவு. ஆனால் புண்ணும் தையலுமாக வருகிறவர்களைத் தண்ணீரில் கையை விடச் சொல்ல முடியுமா? அதற்காகத்தான் போன வருஷம் நான்கு கேமரா வைத்த மெஷின் ஒன்று வந்து இறங்கியது. கையைத் தொடாமலே படமெடுத்து, கம்ப்யூட்டருக்குள் அதே கையை உருவாக்கிக் காட்டி, இத்தனை மில்லி என்று சொல்லிவிடும். நாங்கள் வைத்த பேர் நாலுகண்ணன். பத்தொன்பது வருஷம் ஜாடியோடு குடித்தனம் நடத்திய நான் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அந்த வாரம் வந்தவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். வலது கை உருளைகளுக்கு நடுவே மாட்டி நசுங்கியிருந்தது. எலும்பு தப்பியது புண்ணியம். உள்ளே சீழ் பிடித்தால் கையே போய்விடலாம் என்று சர்ஜன் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் தினமும் அளக்க வேண்டும். வீக்கம் ஏறினால் உடனே ஆபரேஷன், இறங்கினால் வீடு.

நாலுகண்ணனுக்குக் கை எங்கே முடிகிறதென்று தெரியாது. மணிக்கட்டில் நாம்தான் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். படத்தில் அந்த இடத்தில் அது கோடு கிழித்துக்கொண்டு, அங்கிருந்து விரல் நுனி வரை அளக்கும். முதல் நாள் அச்சகக்காரரின் மனைவி ஈரத்துணியோடு பக்கத்தில் வந்தபோது, புள்ளி அழிந்தால் எல்லாம் போச்சு என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான்காம் நாள் காலையில் பதினோரு மில்லி குறைந்திருந்தது. வலியே இல்லை என்று அச்சகக்காரர் சிரித்தார். நாங்கள் கொடுத்த வலி மாத்திரைக்கு அவர் சிரிக்காமல் இருந்தால்தான் அதிசயம். மனைவி துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். மத்தியானமே அனுப்பிவிடலாம் என்று சர்ஜனும் போனில் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கோப்பில் சேர்ப்பதற்காக நேற்றைய படத்தின்மேல் இன்றைய படத்தை வைத்துப் பார்த்தேன். வீக்கம் இறங்கிய இடம் நீலமாகவும் ஏறிய இடம் சிவப்பாகவும் தெரியும். விரல்களில் வெளிர்நீலம். புறங்கையின் நடுவில் மட்டும் சிவப்பு பரவியிருந்தது. குறைந்துபோன கையில் சிவப்புக்கு என்ன வேலை? படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டில் சின்னதாக ஒரு மச்சம். நேற்று கோட்டுக்கு உள்ளே இருந்தது, இன்று வெளியே இருந்தது. மச்சம் நடக்காது.

வார்டுக்கு ஓடி, புள்ளி வைத்தது யார் என்று கேட்டேன்.

மனைவி எழுந்து நின்றார். "நான்தாங்க. காலையில உடம்பு துடைக்கும்போது அழிஞ்சிடுச்சு. நீங்க திட்டுவீங்களேன்னு பயந்துபோய் அதே இடத்துல நானே வச்சிட்டேன்."

அதே இடம் இல்லை. ஒரு சென்டிமீட்டர் விரல் பக்கமாக நகர்ந்திருந்தது. அந்த ஒரு சென்டிமீட்டரில் இருபது மில்லி கை கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தது. நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிவிட்டுத் திரும்பி ஓடினேன்.

படத்தில் கோட்டைப் பழையபடி மச்சத்தைத் தாண்டி முழங்கைப் பக்கமாக நகர்த்தி மறுபடி அளக்க விட்டேன். அரை நிமிஷம் ஆனது. ஒன்பது மில்லி ஏறியிருந்தது. இரண்டு டீஸ்பூன்கூட இல்லை. சற்று முன்புதான் அந்தக் கையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்திருந்தேன். என் கண்ணுக்கும் தெரியவில்லை, விரலுக்கும் தெரியவில்லை, அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியவில்லை. தொடாமல் நின்ற இடத்திலிருந்தே இது பார்த்திருக்கிறது. மெஷின் முன்னால் நான் எழுந்து நின்றது அன்று ஒருநாள்தான்.

நான் போன் செய்த ஒரு மணி நேரத்தில் சர்ஜன் கையைத் திறந்தார். உள்ளங்கையின் ஆழத்தில் சீழ் கட்டியிருந்தது. உள்ளங்கைத் தோல் கெட்டி, அதனால் வீக்கம் புறங்கைப் பக்கம்தான் தள்ளும். வெளியே வந்து, "ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா இந்தக் கை இல்ல" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கட்டு மாற்றும்போது மறுபடி படம் எடுத்தோம். புறங்கை முழுக்க நீலம். கட்டைவிரல் மெல்ல மடங்கி ஆள்காட்டி விரலைத் தொட்டது. திரையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த கையை மனைவி வெகுநேரம் பார்த்தார். "பதினெட்டு வருஷமாப் பிடிச்ச கை" என்றார். "உள்ள இவ்வளவு நடந்திருக்கு, எனக்குத் தெரியலையே."

"எனக்கும்தான் தெரியலை" என்றேன். "இனிமே ஏதாவது அழிஞ்சா, அழிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்கம்மா. நான் திட்ட மாட்டேன்."