பக்கத்து வீட்டுக்குக் குடிபோன கிற்றார்

தன்னுடையதல்ல என்று ஹியூபேட் வாய்விட்டுச் சொன்ன மறுநாள் காலை, அவருடைய கிற்றார் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் இரண்டு வீட்டுக் கதவுகளும் பூட்டியபடியே இருக்க, அது பக்கத்து வீட்டு றவூபின் மேசை விசிறிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றது. முதல்நாள் மழை விட்டிருந்தது. பாண்காரனின் ஓட்டோ வழக்கமான நேரத்துக்கு வந்து போனது.

துறைமுகத்தில் முதல் சம்பளம் எடுத்த கிழமை, புறக்கோட்டை நடைபாதையில் ஹியூபேட் வாங்கிய மலிவுச் சாமான் அது. அடுத்த மாரிக்கே முதுகு பிளந்தது. பேலியகொடை மீன்சந்தையிலிருந்து ஒரு மீன்பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டார். நரம்பு அறுந்த இடத்தில் மீன்பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டினார். அன்றிலிருந்து அது வெயிலுக்கு நன்றாகவும், மழைக்கு நெத்தலிக் கருவாட்டு மணத்தோடும் பாடியது. ஹோட்டல் இசைக்குழுக்காரன் ஒருவன் புதுக் கிற்றார் ஒன்றைத் தந்து இதைக் கேட்டான். ஹியூபேட் அவனுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினார். மகள் டில்ஷானி காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் அதன் சத்தத்தில்தான் நித்திரை கொண்டாள்.

டில்ஷானி விரும்பிய ஹரிசன் வெள்ளவத்தைப் பொடியன். அவன் வீடு யாழ்ப்பாணத்துச் சைவம். முட்டைகூடப் படி ஏறாது. தாய் தகப்பன் பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்காக, ஹியூபேட்டின் மனைவி பிறிஜெற் மீன்சட்டிகளைத் தமக்கை வீட்டுக்கு அனுப்பி, நிலத்தைக் கழுவு கழுவென்று கழுவி, தேசிக்காய் வெட்டி மூலைக்கு மூலை வைத்தார். கிற்றாரை ஒருவரும் நினைக்கவில்லை. அன்று பார்த்து மழை. தேத்தண்ணியும் கருவாட்டு மணமும் சேர்ந்தே வந்தன. ஹரிசனின் தகப்பன் கதிர்காமநாதன் மூக்கைச் சுளிக்கவில்லை, அந்த மனுசனைக் குறை சொல்லக் கூடாது. மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “இதுவோ உங்கட கிற்றார்?” என்றுதான் கேட்டார். ஹியூபேட்டுக்குக் காது சுட்டது. “சீ, இல்லை. பக்கத்து வீட்டு றவூப் நானாவின்ர. இடமில்லையெண்டு இஞ்ச வச்சவர்.” தட்டத்தோடு நின்ற டில்ஷானி, தட்டத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன்பின் பின்னேரங்களில் ஹியூபேட் கிற்றாரைப் படுக்கை விரிப்பால் மூடி, திருட்டுச் சாமான் போல வீட்டுக்குத் தூக்கிவருவார். காலையில் அது றவூப் வீட்டில் நிற்கும். “எனக்கு வாணாம் அண்ணன், அது தானா வருது. நான் என்னத்தச் செய்ய?” என்று றவூப் கையை விரித்தார். பாவம், அவர் தூசு தட்டினாலே அது பாடியது. ஹியூபேட் மீட்டினால் ஒரு முனகல் இல்லை. பிறிஜெற் அதைப் பழைய சேலையால் கட்டில் காலோடு கட்டி, அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினார். காலையில் முடிச்சு அவிழாமலே சேலை கிடந்தது. அந்தோனியார் தொலைந்ததைத் தேடித் தருவார். இது தொலைந்த சாமான் இல்லையே.

கல்யாணம் கிட்ட வர, மகள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று ஹியூபேட் குறைப்பட்டார். பிறிஜெற் சுளகைக் கீழே வைத்தார். “பின்ன என்ன? அவள் ஹரிசன் வீட்டாரிட்ட எல்லாத்தையும் சொல்லி வச்சவள். மீன்பெட்டிப் பலகை, கருவாட்டு மணம், ஆர் கேட்டாலும் டடா விக்கமாட்டார் எண்டது, எல்லாம். அந்த மனுசன் அதைப் பாக்கத்தானே ஆசையாக் கேட்டது. நீங்கள் என்ர பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டீங்கள்.” ஹியூபேட் அன்று சோறு தொடவில்லை. ஊரார் முன்னால் வருவதுதான் வெட்கம் என்று அதுவரை நினைத்திருந்தார். சொந்தப் பிள்ளை குசினிக்குள் நடக்கிற சத்தத்துக்கே தான் எழுந்து வாசலுக்குப் போகிற வெட்கத்தை அவர் அறிந்திருக்கவில்லை.

வெள்ளவத்தை மண்டபத்தில் கல்யாண விருந்து நடந்தபோது நல்ல மழை. றவூப் விருந்தாளியாக வந்தார். ஹியூபேட் கெஞ்சிக் கேட்டதால், விரிப்பால் மூடிய கிற்றாரும் அவருடன் ஓட்டோவில் வந்தது. ஹியூபேட் விரிப்பை உருவி எறிந்துவிட்டு மைக்கைப் பிடித்தார். “அண்டைக்கு நான் பொய் சொன்னனான். இது என்ர கிற்றார். முதுகில இருக்கிறது மீன்பெட்டிப் பலகை. உங்களுக்கு முன்னால வெக்கமாப் போச்சு. என்ர பிள்ளை சொன்னதுதான் உண்மை.” அவ்வளவுதான். சாம்பார் வாளிகள்கூட நடந்த இடத்தில் நின்றன. அவர் நரம்பைத் தொட்டார். அது பாடியது, காய்ச்சல் நாட்களில் பாடிய அதே பாட்டை. சைவ மண்டபம் முழுக்கக் கருவாடு மணத்தது. மாப்பிள்ளையின் தாய் அன்னபாக்கியம் சேலைத் தலைப்பை மூக்குவரை கொண்டுபோய், மருமகள் அழுவதைக் கண்டு, அதே தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

கிற்றார் இப்போது வீட்டில்தான் இருக்கிறது. பொய் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் றவூப் வீட்டுக்குப் போய்விடும். அவர் அதற்கென்று ஒரு கதிரை ஒதுக்கி வைத்திருக்கிறார். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஹியூபேட் போய், விரிப்பு கிரிப்பு ஒன்றுமில்லாமல், ஒழுங்கை நடுவால் அதைத் தூக்கிவருவார். போன கிழமை, புதிதாக வந்த ஓட்டோக்காரப் பொடியன் ஒருவன் அது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். “மகே,” என்றார் ஹியூபேட். பிறகு, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கட்டும் என்று, “என்ர” என்று தமிழிலும் சொன்னார். காது இன்னும் கொஞ்சம் சுடத்தான் செய்தது.