கொரியாக்காரியைத்தான் திட்டினேன், மதினி

ஜீவராணிக்குக் கொரியா நாடகங்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒரு நாள் பார்க்காமல் இருக்கமாட்டாள். கோபப்படுவதற்கென்றே நேரம் ஒதுக்கி உட்காருகிறவளை இந்தத் தோட்டத்திலேயே இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் புருஷன் முருகையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

பூனாகலைப் பக்கத்து மலைகளில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள் அவள். பொழுது சாயக் கூடையை இறக்கி, காலில் ஒட்டிய அட்டையைத் தட்டிவிட்டு, ரொட்டிக்கு மாவு பிசைய உட்காரும்போது ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைப்பாள். மகள் கௌசிகா பண்டாரவளைத் துணிக்கடையில் வேலை. கடை வைஃபையில் நாடகங்களை இறக்கிக்கொண்டு வந்து தாய்க்குப் போட்டுக் கொடுப்பாள். எல்லாம் தமிழ் பேசும் நாடகங்கள். கொரியாக்காரனின் வாய் ஒரு பக்கம் போகும், தமிழ் இன்னொரு பக்கம் போகும்.

முதலில் பார்த்தது குடைக்காரன் நாடகம். பெயர்கள் எதுவும் அவள் நாக்கில் நிற்காததால் அவளே வைத்த பெயர் அது. மழை பெய்யும்போதெல்லாம் அந்தப் பெண் நனைந்துகொண்டு நிற்பாள், அவன் எங்கிருந்தோ வந்து குடையை நீட்டுவான். அவ்வளவு மழை பெய்கிற ஊரில் சொந்தமாக ஒரு குடை வைத்துக்கொள்ள அவளுக்கு என்ன கேடு என்று ஜீவராணி கேட்டாள். அவனுக்கு அவள்மேல் ஆசை. அவளுக்கும் அவன்மேல் ஆசை. தெருவில் போகிற நாய்க்கும் அது தெரியும், அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது. பாதி நாடகம் வரை பார்த்துக்கொண்டே நின்றார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, பின்னால் பாட்டு வந்தது, வாயில் வார்த்தை வரவில்லை. ஜீவராணி மாவை ஓங்கி ஓங்கிக் குத்தினாள். அன்றைக்கு ரொட்டி மட்டும் நன்றாக வந்தது.

அடுத்ததில் ஒருவனை லொறி அடித்தது. அந்த நாட்டு லொறிகளுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது. எழுந்தவனுக்கு எல்லாம் நினைவிருந்தது. சோறு, சாவி, கொம்பனிக் கணக்கு, எல்லாம். கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பெண்ணை மட்டும் மறந்துபோனான். சௌகரியமான மறதிதான் என்று ஜீவராணி பல்லைக் கடித்தாள். இன்னொன்றில் பணக்காரத் தாய் ஒருத்தி, மகன் விரும்பிய பெண்ணைக் கூப்பிட்டு வைத்து முகத்தில் தண்ணீரை வீசினாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். மருமகள் வாசல்படி ஏறும் முன்பே மாமியார் அதிகாரமா என்று இவள் கத்தியதில் ரொட்டி கருகியது.

இதை எல்லாம் அவள் மனசுக்குள் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை, பிள்ளைகளே. வாய்விட்டுச் சொன்னாள். மலையில் இந்தத் தேயிலை நிரையில் நின்று அடுத்த நிரைக்குப் பேசிப் பழகிய தொண்டை. லயத்து வரிசை வீடுகளிலோ இரண்டு காம்பரா அறைகளுக்கு நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரும் கூரைத் தகரம் வரை போகாது. மேலே ஒரு முழம் வெளி. இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு வயசு என்பார்கள்.

அடுத்த வீடு கனகத்தினுடையது. முருகையாவின் அக்காள், ஜீவராணிக்கு மதினி. கனகத்தின் மகன் விஜேந்திரன் எல்ல என்கிற ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிறவன். அவனுக்குத்தான் கௌசிகாவைக் கட்டுவதாகப் பேச்சு. முறைப்பையன், நல்ல பையன், இரண்டு பேருக்கும் பிடித்தும் போயிற்று. வைகாசியில் பரிசம் என்றார்கள், பிறகு கனகம் வீட்டில் ஆவணிக்குத் தள்ளினார்கள். ஆவணியும் நெருங்கியபோது கனகத்தின் புருஷன் தர்மலிங்கம் வந்து வாசலிலேயே நின்று, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் மச்சான் என்று முருகையாவிடம் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

கௌசிகா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அத்தை தன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றாள். விஜேந்திரனும் முன்போல ஃபோன் எடுப்பதில்லை, எடுத்தாலும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறான் என்றாள். ஜீவராணிக்குக் காரணம் விளங்கவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, இதென்ன பொறுத்துப் பார்ப்பது என்று அடுப்பில் விறகை மாற்றி மாற்றிச் செருகினாள். எரிச்சல் தாங்காமல் புதிதாக ஒரு நாடகத்தைப் போட்டாள்.

அதில் அந்த ஊர்த் தேயிலை மலை வந்தது. ஜீவராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலை நம் மலை மாதிரியேதான் இருந்தது. வந்தவள்தான் நம் ஆள் இல்லை. வெள்ளைச் சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து, பூப்பறிக்கிற அளவுக்கு ஒரு கூடை. முற்றின இலையை ஒற்றை ஒற்றையாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டு சிரித்தாள். ஒரு அட்டை இல்லை, ஒரு சொட்டுச் சேறு இல்லை. ஜீவராணி பொங்கிவிட்டாள்.

"வெள்ளச் சப்பாத்து போட்டுக்கிட்டுக் கொழுந்தெடுக்க வந்துட்டா மகராணி. இவளுக்கெல்லாம் எதுக்குக் கூட? கையில ஒரு விசிறியக் குடுத்து ஒக்கார வைங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் டமார் என்று விழுந்தது. பூனை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். மலையிலிருந்து குழாய் வழியாக வந்து கொட்டுகிற தண்ணீர் அது, லயத்துக்கெல்லாம் பொது. கனகம் அங்கே வாளியை வைத்துவிட்டு ஒரு கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டுச் சப்பாத்து ஒன் கண்ணக் குத்துதா? எம்மவன் தொவச்சுக் குடுத்தான், நான் போடுறேன். ஒனக்கு எங்க வலிக்குது?"

கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதற்குச் சப்பாத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஜீவராணியின் கண் கனகத்தின் காலுக்குப் போனது. வெள்ளைச் சப்பாத்து. எல்லவில் யாரோ விட்டுப் போனதாம். மூட்டுவலிக்கு நல்லது என்று விஜேந்திரன் கொண்டுவந்து கொடுத்ததாம். கொஞ்ச நாளாகக் கனகம் அதைப் போட்டுக்கொண்டுதான் மலைக்கு வருகிறாள். ஜீவராணி அதைப் பார்த்திருக்கிறாள், பார்த்தும் மனசில் பதியவில்லை.

லயத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே பெண்கள் யாரும் யாரையும் நேருக்கு நேர் திட்டமாட்டார்கள். ஒரே கூரை, ஒரே பீலி, நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும். அதனால் கோழியைத் திட்டுவார்கள், சட்டியைத் திட்டுவார்கள், பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அதைத் திட்டுவார்கள். விழ வேண்டிய காதில் அது விழும். ஜாடை என்பார்கள். அதற்கு ஒரு சட்டமும் உண்டு. என்னையா சொன்னாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் நீயே ஒப்புக்கொண்ட மாதிரி. பதிலுக்கு நீயும் ஒரு கோழியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜீவராணி வாளியோடு நின்றாள். இத்தனை நாளாக அவள் ஃபோனைத் திட்டியதெல்லாம் அடுத்த வீட்டில் யாரைத் திட்டியதாகப் போய் விழுந்தது என்பது அப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. இத்தனை நாளாகக் கனகமும் கோழியைத் திட்டிப் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். இவள் குடைக்காரனைப் பார்த்துக்கொண்டு அதைக் காதில் வாங்கவே இல்லை.

சட்டமாவது மண்ணாவது என்று அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"மதினி, என்னையவா சொன்னீங்க?"

பீலியில் நின்ற மற்றப் பெண்கள் வாளி நிரம்பி வழிவதையும் மறந்து பார்த்தார்கள். கனகத்துக்கு முகம் சிவந்தது. கோழியைச் சொன்னேன் என்றாள். இல்லை, என்னைத்தான் சொன்னீர்கள், நான் சொன்னதுதான் உங்களை இல்லை என்று ஜீவராணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் உட்கார வைத்து ஃபோனை அவள் மடியில் போட்டு, வெள்ளைச் சப்பாத்துக்காரியைக் காட்டினாள்.

கனகம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இவ என்னா, முத்தலயா கிள்ளுறா?"

"அதத்தான் மதினி நானும் சொன்னேன். கொரியாக்காரியத்தான் திட்டினேன்."

கனகம் லேசில் விடுகிறவள் இல்லை. சௌகரியமான மறதி என்று ஒரு நாள் சொன்னாயே, வைகாசியை ஆவணிக்குத் தள்ளியதைத்தானே சொன்னாய் என்றாள். ஜீவராணி லொறியையும் அடிபட்டவனையும் காட்டினாள். மருமகள் வாசல்படி ஏறும் முன்பே மாமியார் அதிகாரமா என்று கேட்டாயே என்றாள். தண்ணீர் வீசிய தாயைக் காட்டினாள். கனகம் அந்தத் தாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தண்ணீரை வீணாக்குகிறாள் என்று மட்டும் சொன்னாள். முகம் கொஞ்சம் இளகியது. ஜீவராணி ஒரு பிளேன் டீ ஊற்றிக் கையில் கொடுத்தாள். குடும்பம் பிழைத்தது என்று நினைத்தாள்.

கனகம் டீயைக் குடிக்கவில்லை.

"அந்த பெட்ஷீட் பேச்சு? அதுவும் கொரியாவுலயா?"

அது ஜீவராணிக்கு நினைவில் இருந்தது. மறந்துவிட்டதாக வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஆனி மாதத்தில் ஒரு காலை, பெரட்டுக் களத்தில் எல்லாரும் வேலைக்குப் பிரிய நிற்கும்போது கனகம் நாலு பேர் கேட்கச் சொன்னாள், எங்கள் வீட்டு மருமகள் பஸ் ஏறிக் கடைக்குப் போகமாட்டாள் என்று. கௌசிகா அந்தக் கடை வேலைக்கு எத்தனை கடை ஏறி இறங்கினாள் என்பது தாய்க்குத் தெரியும். தன்னை மாதிரிக் கூடை சுமக்காத முதல் பெண் அவள் அந்த வீட்டில். ஜீவராணி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள். அன்று மாலை, கனகம் கோயிலுக்குப் போயிருக்கிறாள், அடுத்த வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஓடுகிற நாடகத்தைப் பார்த்துச் சொன்னாள்: வெள்ளைக்காரன் படுத்த பெட்ஷீட்டை மடிக்கிறவனுக்கு வீட்டோடு பெண்டாட்டி கேட்கிறதாக்கும்.

இப்போது ஆமாம் மதினி, அதுவும் நாடகத்தில்தான் என்று சொல்லிவிடலாம். நாடகம் மலை மாதிரிக் கிடக்கிறது, கனகம் எதைத் தேடிப் பார்க்கப் போகிறாள். கௌசிகா அன்றைக்கு வெறும் வயிற்றோடு படுத்தது ஜீவராணியின் கண் முன்னால் வந்தது. பொய்க்கு வாய் திறந்தாள். பொய் வரவில்லை.

"அது நாடகத்துல இல்ல மதினி. அத நான்தான் சொன்னேன். நீங்க வீட்ல இல்லன்னு நெனச்சுச் சொன்னேன்."

கனகம் டீயைத் தரையில் வைத்தாள். பிறகு சொன்னாள், தான் வீட்டில் இல்லைதான். விஜேந்திரன் இருந்தான். லீவில் வந்து உள்ளே படுத்திருந்தான். தான் கோயிலிலிருந்து வந்ததும் அவன் கேட்டானாம், அம்மா, என்னுடைய வேலை கேவலமான வேலையா என்று. ஏன் கேட்கிறாய் என்று துருவித் துருவித்தான் வாங்கினாளாம்.

"எனக்குன்னா நான் கோழியத் திட்டி ஆத்திக்குவேன் ஜீவராணி. அவன் யாரத் திட்டுவான்?"

பெரட்டில் நீங்கள் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை என்று ஜீவராணி சொன்னாள். அது காரணமே தவிர நியாயம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கனகம் எழுந்து போனாள். ஆனால் போகும்போது, ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நாடகம் போடவில்லை. பண்டாரவளை பஸ் வந்து நிற்கிற திருப்பத்தில் போய் நின்றாள். தன்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. மருமகனாக வரப்போகிறவனிடம் ரோட்டில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைமை எந்த மாமியாருக்கு வரும்? பஸ் வந்தது. விஜேந்திரன் இறங்கினான். அவளைக் கண்டதும் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"என்னா அத்த, இங்க நிக்கிறீங்க?"

"ஒன்னையப் பாக்கத்தான் நிக்கிறேன். அன்னைக்கு ஒன் காதுல விழுந்தது என் வாயிலருந்து வந்ததுதான் தம்பி. கோவம் ஒன் அம்மா மேல. தொட்டது ஒன் வேலைய. அது தப்பு."

அவன் தேயிலை மலையைப் பார்த்தான்.

"பெட்ஷீட் மடிக்கிறது நெசந்தானே அத்த. அதுல எனக்கு வருத்தமில்ல. கௌசிகாவும் அப்பிடித்தான் நெனைக்கிறாளோன்னுதான் ஃபோன் எடுக்கல."

ஜீவராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இவனும் கௌசிகாவும் ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை நாளாக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு இது இன்றுவரை தெரியவே தெரியாது, நீயே கேள் என்று தன் ஃபோனை அவன் கையில் திணித்தாள். கடையில் இருந்த கௌசிகா எடுத்தாள். அவன் பத்தடி தள்ளிப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினான். வெகுநேரம் பேசினான். ஜீவராணி அவன் பையை வாங்கிச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தாள்.

கனகம் வாசலில் நின்றிருந்தாள். மகனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவனுடைய பையைத் தூக்கி வருகிற ஜீவராணியைப் பார்த்தாள். மகன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே, கௌசிகா கடைக்குப் போகட்டும் அம்மா, நானும் வேலைக்குத்தானே போகிறேன் என்றான். கனகம் பையை வாங்கி உள்ளே வைத்தாள். திரும்பி வந்து, ஜீவராணியின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"போகட்டும். ஆனா தீவாளிக்கு மொத நாளும் கடைதான்னு அவ நின்னான்னா நான் பேசுவேன். ஒங்கிட்டயே பேசுவேன், மொகத்தப் பாத்து."

"பேசுங்க மதினி," என்றாள் ஜீவராணி. "மொதல்ல பரிசத்துக்கு நாளச் சொல்லுங்க."